பழைய வண்டியின் பிறந்த ஆண்டு

பழைய பொருளொன்றைக் கண்டால் நம் மனத்தில் முதலில் எழும் வினா, ‘இது எந்தக் காலத்தது?’ என்பதே. செப்பேடாயினும் சரி, பாட்டி வைத்திருந்த தையல் இயந்திரமாயினும் சரி, காலம் தெரியாதவரையில் அப்பொருள் நமக்கு ஊமையாகவே இருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்த எனக்கு இவ்வினா நன்கு பழகியது. எனினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது கல்வெட்டன்று. ஒரு மோட்டார் வண்டி. அமெரிக்க உழவர்கள் தானியமும் வைக்கோலும் ஏற்றிச் சென்ற, ‘பிக்கப்’ எனப்படும் சிறு சாமான் வண்டி. அத்தகைய பழைய வண்டியொன்றின் உண்மையான மாடல் ஆண்டைக் கண்டறிவது எவ்வாறு என்பதைச் சற்று ஆராய்வோம்.

முன்னே ஓட்டுநர் அமரும் அறை, பின்னே மேல்மூடியில்லாத தொட்டி: இதுவே பிக்கப் வண்டியின் வடிவம். தொடக்க நாளில் மக்கள் காரை வாங்கி, அதன் பின்புறத்தில் தாமே ஒரு மரப்பெட்டியைப் பொருத்திக்கொண்டனர். ஃபோர்டு நிறுவனம் 1925ஆம் ஆண்டில் தன் புகழ்பெற்ற ‘மாடல் டி’ வண்டியைத் தொட்டியோடு சேர்த்துத் தொழிற்சாலையிலேயே செய்து, 281 டாலர் விலைக்கு விற்றது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஷெவர்லே ஒரு புதிய வரிசையை வெளியிட்டது. ‘அட்வான்ஸ் டிசைன்’ என்று பெயர்பெற்ற அவ்வரிசை 1955ஆம் ஆண்டின் தொடக்கம் வரையில் உற்பத்தியாயிற்று. ஷெவர்லேயின் தாய் நிறுவனமாகிய ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை பம்பாயிலும் வண்டிகளைப் பூட்டி விற்றுவந்தது. ஆதலின் ஷெவர்லே என்ற பெயர் நம் பாட்டனார்களுக்கும் புதிதன்று.

‘வண்டியின் ஆண்டை அறிவதில் என்ன சிரமம்? பதிவுப் பத்திரத்தில் எழுதியிருக்குமே!’ என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் முதற் சிக்கல் தோன்றுகிறது. ஒரு வண்டிக்கு ஓர் ஆண்டு அன்று, மூன்று ஆண்டுகள் உண்டு. அது எந்த ஆண்டின் மாடலாகச் செய்யப்பட்டது என்பது ஒன்று. எந்த நாளில் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது என்பது மற்றொன்று. எந்த நாளில் முதன்முதலாக விற்கப்பட்டது என்பது மூன்றாவது. ஆண்டுதோறும் வண்டியின் தோற்றத்தில் சிறு மாறுதல்கள் செய்து புதிய மாடலென்று விற்கும் வழக்கத்தை 1920களில் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவராயிருந்த ஆல்பிரட் ஸ்லோன் நிலைபெறச் செய்தார். அதுமுதல் ஒரு மாடலின் ‘ஆண்டு’ முந்திய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே பிறந்துவிடுவது இயல்பாயிற்று. விற்காமல் கடையில் தங்கிய வண்டியோ அடுத்த ஆண்டில் விலைபோகும். பத்திரம் எழுதுபவர் இம்மூன்றில் எதை எழுதினார் என்று பத்திரமே சொல்லாது.

இதை விளக்க எனக்குத் தெரிந்த ஒரு வண்டியையே எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் பொறியாளராக இருக்கிறார். அவருடைய அண்டை வீட்டார் எண்பது வயதான ஓர் உழவர். நிலத்தை விட்டு நகரத்திலுள்ள மகளிடம் போய்ச் சேர முடிவுசெய்த அம்முதியவர், தம் தந்தை வைத்திருந்த ஷெவர்லே பிக்கப்பை விற்க முன்வந்தார். பத்திரத்தில் 1954 என்றிருந்தது. ‘எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது என் தந்தை இதைப் புதிதாக வாங்கி வந்தார், அது 1954’ என்று அவரும் உறுதியாகக் கூறினார். வாங்க வந்த இளைஞர் ஒரு மெக்கானிக். அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘இது 1954 அன்று’ என்றார். அதைவிடப் பெரிய இடையூறு மற்றொன்று: பத்திரத்தில் எழுதியிருந்த எண் வண்டியின் எப்பகுதியிலும் காணப்படவில்லை. எண் பொருந்தாத வண்டியைக் களவுப் பொருளோ என்று ஐயுறுவது உலக இயல்பு. தந்தை பொய் சொன்னார் என்றும், தாம் ஏமாற்றுகிறார் என்றும் பிறர் எண்ணுவரோ என்று முதியவர் மனம் வருந்தினார். என் மாணவர் வண்டியின் படங்களை எனக்கு அனுப்பி, ‘ஐயா, சான்றுகளை எடைபோடுவது எப்படி என்று வகுப்பில் சொல்லித் தந்தீர்களே, இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்’ என்று எழுதினார். உற்பத்தியாளர் வெளியிட்ட உதிரிபாகப் பட்டியல்களை அவரும் நானும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினோம்.

முதலில் நான் அவருக்கு எழுதிய விதி இதுதான்: ‘ஒவ்வொரு சான்றையும் பார்க்கும்போது, இதை மாற்றுவது எளிதா, அரிதா என்று கேளுங்கள்.’ ஓட்டுப்பலகையில் உள்ள வேகமானியைத் திருகாணி கழற்றி மாற்றிவிடலாம். கதவையும் கீலிலிருந்து எடுத்து வேறு வண்டியின் கதவைப் பொருத்தலாம். பாட்டரியைச் சொல்லவே வேண்டியதில்லை. இவ்வரிசை வண்டிகள் 6 வோல்ட் மின்சாரத்தில் இயங்கின. பின்னாளில் பலர் அதை 12 வோல்ட்டுக்கு மாற்றிக்கொண்டனர். ஆகையால் 12 வோல்ட் பாட்டரி இருப்பதால் வண்டி பிந்தியது என்று முடிவுகட்ட இயலாது. எளிதில் மாறும் பொருள் பேசும் சாட்சியத்துக்கு மதிப்பு குறைவு. வெட்டாமலும் ஒட்டாமலும் மாற்ற இயலாத பகுதி பேசுவதற்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவது விதி: சான்றுகள் பெரும்பாலும் ‘இந்த ஆண்டுதான்’ என்று சொல்வதில்லை. ‘இதற்கு முன் இல்லை’ என்றோ, ‘இதற்குப் பின் இல்லை’ என்றோதான் சொல்லும். இவ்விருவகை வேலிகளுக்கும் நடுவே உண்மையான ஆண்டு அகப்படும்.

முதலில் ‘இதற்கு முன் இல்லை’ என்னும் வேலியைக் காண்போம். அவ்வண்டியின் கதவுகளில், முன்மூலையில் காற்றுக்காகத் திருப்பித் திறக்கும் சிறு கண்ணாடி இருந்தது. இவ்வரிசையில் அக்கண்ணாடி 1951ஆம் ஆண்டு மாடலில்தான் வந்தது. வெளிப்புறக் கைப்பிடி, கீழ்நோக்கித் திருப்பும் வகையன்று. கட்டைவிரலால் பொத்தானை அழுத்தித் திறக்கும் வகை. அது 1952இல் வந்தது. வேகமானி மணிக்கு 90 மைல் வரையில் காட்டியது. 1951 வரையில் அது 80 மைலோடு நின்றது. இம்மூன்றும் சேர்ந்து 1952க்கு முன் இல்லை என்கின்றன. ஆயினும் கதவும் வேகமானியும் மாற்றக்கூடியவை என்பதை மறக்கலாகாது. ஆகவே இவ்வேலியை அழுத்தமின்றிப் பென்சிலால் கோடிடுவதுபோல வரைந்துகொண்டோம்.

இனி ‘இதற்குப் பின் இல்லை’ என்னும் வேலி. வண்டியின் முன்கண்ணாடி இரண்டு தட்டையான துண்டுகளாக, நடுவே ஒரு கம்பத்தோடு இருந்தது. 1954ஆம் ஆண்டு மாடலில் அந்த நடுக்கம்பம் நீங்கி, வளைந்த ஒரே கண்ணாடி வந்துவிட்டது. இது திருகாணி கழற்றி மாற்றும் காரியமன்று. ஓட்டுநர் அறையின் தகட்டையே வெட்டி ஒட்ட வேண்டும். புதிய கண்ணாடியை நீக்கிப் பழைய இரட்டைக் கண்ணாடிக்காக ஒருவர் அவ்வளவு உழைப்பார் என்று கருத இடமில்லை. வண்டியின் முன்முகத்தில் குறுக்காக ஓடும் ஐந்து பட்டைகள் இருந்தன. 1954இல் அவை நீங்கிக் கனத்த குறுக்குச் சட்டம் வந்தது. பின்தொட்டியின் மேல்விளிம்பு சரிவாக இருந்தது. 1954இல் அது மட்டமாயிற்று. பின்விளக்குகள் நீள்சதுரம், 1954இல் அவை வட்டமாயின. அடியில் குனிந்து பார்த்தபோது, பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டு ஒரு குழாய்க்குள் மூடப்பட்டிருந்தது. இந்த அரை டன் வண்டியில் 1955 மாடலில்தான் அத்தண்டு திறந்த அமைப்பாக மாறியது. இத்தனை சான்றுகளும் ஒருவாய்ப்பட, 1953க்குப் பின் இல்லை என்கின்றன. முன்னே கண்ட வேலி பென்சில் கோடானால், இது உளியால் செதுக்கிய கோடு.

எஞ்சியவை 1952, 1953 என்னும் இரண்டு ஆண்டுகளே. இவற்றுள் எது என்பதைத் தீர்க்கத் தகட்டைப் படிக்க வேண்டும். ஓட்டுநர் பக்கத்துக் கதவு பொருந்தும் தூணில் ஒரு சிறு உலோகத் தகடு பதிக்கப்பட்டிருக்கும். 1947 முதல் 1952 வரையில் அதில் உள்ள எண்ணின் அமைப்பு ஒருவிதம். முதலில் தொழிற்சாலையைக் குறிக்கும் இலக்கம். அடுத்து ஆண்டையும் வண்டியின் வகையையும் குறிக்கும் ஈரெழுத்து. பிறகு மாதத்தைக் குறிக்கும் ஓரெழுத்து. கடைசியில் வரிசை எண். ஆங்கில நெடுங்கணக்கின் முதற் பன்னிரண்டு எழுத்துகளும் பன்னிரண்டு மாதங்களுக்கு ஆயின. அரை டன் வண்டிக்கு 1947இல் ‘இபி’, 1948இல் ‘எஃப்பி’, 1949இல் ‘ஜிபி’, 1950இல் ‘எச்பி’, 1951இல் ‘ஜேபி’, 1952இல் ‘கேபி’ என்று ஈரெழுத்துகள் ஏறிச் செல்லும். இடையே ‘ஐ’ என்ற எழுத்தை விட்டுவிட்டதைக் கவனியுங்கள். அதை அறியாது விரல்விட்டு எண்ணுபவர் ஓராண்டு பிழைபட நேரும்.

1953இல் இம்முறை மாறியது. முதலில் வண்டியின் வகைக்கு ஓரெழுத்து. அடுத்து ஆண்டின் கடைசி ஈரிலக்கங்கள். பிறகு தொழிற்சாலைக்கு ஓரெழுத்து. அதன்பின் வரிசை எண். எங்கள் வண்டியின் தகட்டில் பல அடுக்கு வண்ணப்பூச்சு படிந்திருந்தது. என் மாணவர் அதை அரத்தால் தேய்க்காமல், மென்துணியால் பொறுமையாகத் துடைத்தெடுத்தார். முதலில் ‘எச்’ தெரிந்தது, அடுத்து 53, அதன்பின் ‘கே’. அரை டன் வண்டி, 1953ஆம் ஆண்டு மாடல், கான்சாஸ் நகரத் தொழிற்சாலை! தகடு மட்டும் இதைச் சொல்லியிருந்தால் ஐயத்துக்கு இடமுண்டு. தகட்டையும் பெயர்த்து வேறிடத்தில் பதிப்பார் உளர். ஆனால் கண்ணாடியும் தொட்டியும் விளக்கும் அடித்தண்டும் தனித்தனியே சொன்னதையே தகடும் சொன்னது. ஒருவரையொருவர் கலந்து பேசாத சாட்சிகள் ஒன்றையே கூறுவரானால், அதை உண்மையென்று ஏற்பதே முறை.

அப்படியாயின் எஞ்சின் என்ன சொல்லிற்று? இங்கேதான் ஒரு பொறி இருந்தது. முதியவரின் நண்பர் ஒருவர், ‘இதில் இருப்பது 235 கன அங்குல எஞ்சின். அரை டன் பிக்கப்பில் அது 1954இல்தான் வந்தது. 1953 வரையில் 216தான். ஆகையால் வண்டி 1954தான்’ என்று வாதாடினார். அவர் கூறிய செய்தி சரியானதே. அதிலிருந்து அவர் கொண்ட முடிவுதான் பொருந்தாது. எஞ்சின் வண்டியின் இதயமாயினும், அது கழற்றி மாற்றும் இதயம். அதன் வயதை அதனிடமே கேட்க வேண்டும். வார்ப்பிரும்பை அச்சில் ஊற்றும்போதே நாளைக் குறிக்கும் எழுத்தும் இலக்கங்களும் எஞ்சினின் பக்கத்தில் புடைத்து நிற்குமாறு வார்ப்பது ஜெனரல் மோட்டார்ஸின் வழக்கம். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கிப் பார்த்தபோது, ‘எஃப்’ என்ற எழுத்தும், 12 என்ற எண்ணும், 7 என்ற இலக்கமும் தெரிந்தன. எஃப் ஆறாவது எழுத்து. ஆதலின் ஜூன் மாதம். நாள் 12. ஆண்டின் கடைசி இலக்கம் 7.

ஆனால் எந்த 7? 1947இலும் 7 உண்டு, 1957இலும் உண்டு. ஓரிலக்கத்தில் எழுதிய ஆண்டு பத்தாண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். இதைத் தீர்க்க எஞ்சினின் வடிவத்தைப் பார்த்தோம். பழைய எஞ்சின்களில் பக்கவாட்டு மூடி உயர்ந்து, ஸ்பார்க் பிளக்குகளையும் தாண்டி மேலே செல்லும். 1954 முதல் வந்த 235 எஞ்சினில் அம்மூடி குட்டையாகக் கீழேயே நின்றுவிடும். எங்கள் எஞ்சினில் இருந்தது குட்டை மூடி. எனவே வார்த்த நாள் 1957ஆம் ஆண்டு ஜூன் 12. ‘1954’ என்பதற்குச் சான்றாகக் கொண்டுவரப்பட்ட எஞ்சின், 1954இல் பிறக்கவே இல்லை! இரண்டு செய்திகள் ஒத்துப்போவதுபோல் தோன்றினால் மட்டும் போதாது. அவை ஒரே நிகழ்ச்சியைப் பற்றியவைதாமா என்றும் கேட்க வேண்டும்.

கடைசியாகப் பத்திரத்துக்கு வருவோம். அந்நாளில் அமெரிக்காவின் பல மாநிலங்களில், வண்டியின் தகட்டு எண்ணுக்குப் பதிலாக எஞ்சின் எண்ணையே பத்திரத்தில் பதிவது வழக்கமாயிருந்தது. எஞ்சினை மாற்றிய அன்றே அப்பத்திரம் வண்டியை விட்டுப் பிரிந்துவிடும். எங்கள் வண்டிக்கும் பெரும்பாலும் அதுவே நேர்ந்திருக்கும் என்று எழுதினேன். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லின் கீழ்க் கோடிட்டே எழுதினேன். ஏனெனில் எஞ்சின் மாற்றப்பட்டதற்கு நேர்ச்சான்று அதுவரை கிடைக்கவில்லை. பிறகு முதியவரின் வீட்டுப் பரணில் அவருடைய தந்தையின் கணக்கேடு அகப்பட்டது. 1954ஆம் ஆண்டு பிப்ரவரிப் பக்கத்தில் புதிய பிக்கப்புக்குப் பணம் கொடுத்த குறிப்பு இருந்தது. 1961ஆம் ஆண்டு ஜனவரிப் பக்கத்தில், குளிரில் நீர் உறைந்து எஞ்சின் வெடித்ததும், விபத்தில் உருக்குலைந்த வேறொரு வண்டியின் எஞ்சினை விலைக்கு வாங்கியதும் இரண்டே வரிகளில் எழுதப்பட்டிருந்தன. நீர் உறைந்தால் விரியும் என்பதை இயற்பியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். அந்த விரிவு வார்ப்பிரும்பையும் பிளக்கும் வலிமையுடையது.

இப்போது கதை முழுமையாயிற்று. 1953 மாடலாகச் செய்யப்பட்ட வண்டி விற்காமல் கடையில் தங்கிற்று. 1954 பிப்ரவரியில் அதை உழவர் வாங்கினார். பத்திரம் எழுதியவர் வாங்கிய ஆண்டையும் எஞ்சின் எண்ணையும் பதிந்தார். 1961இல் அந்த எஞ்சின் போயிற்று. அதனோடு அந்த எண்ணும் போயிற்று. இதில் பொய் சொன்னவர் ஒருவருமில்லை. தந்தை சொன்னது வாங்கிய ஆண்டு. தகடு சொன்னது மாடலின் ஆண்டு. எஞ்சின் சொன்னது தன் பிறப்பு. ஒவ்வொருவரும் தத்தம் வினாவுக்குச் சரியாகவே விடையளித்தனர். கேட்டவர்கள்தாம் மூன்று வினாக்களை ஒன்றாகக் குழப்பிக்கொண்டனர். பதிவு அலுவலர் தகட்டை நேரில் பார்த்துச் சோதித்தபின், தகட்டு எண்ணோடு புதிய பத்திரம் கிடைத்தது. விற்பனைச் சீட்டில் முதியவர் தம் கையாலேயே, ‘1953 மாடல், 1954இல் வாங்கியது, எஞ்சின் 1957’ என்று எழுதினார். தந்தையின் கணக்கேட்டை மட்டும் அவர் கொடுக்கவில்லை; வைத்துக்கொண்டார்.

ஓராண்டு முன்பின்னாவதால் என்ன நஷ்டம் என்று சிலர் நினைக்கலாம். 1954 என்று நம்பி முன்கண்ணாடிக்கு எழுதிப்போட்டால் வளைந்த ஒரே கண்ணாடி வந்துசேரும். அது இவ்வண்டியில் பொருந்தாது. 1953 என்று மட்டும் சொல்லி எஞ்சினுக்குப் பேரிங் கேட்டால், 216க்கு உரியது வரும், அதுவும் பொருந்தாது. 1955 என்று எழுதுபவர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஷெவர்லே முற்றிலும் புதிய வண்டியை வெளியிட்டதால், 1955 என்ற ஒரே பெயரில் இரு வேறு வண்டிகள் உண்டு. ஆகவே ஆண்டைச் சொன்னால் மட்டும் போதாது. எதனுடைய ஆண்டு என்றும் சொல்ல வேண்டும். பின்னாளில் அமெரிக்காவில் 1981 மாடல் முதல் எல்லா வண்டிகளுக்கும் பதினேழு குறிகள் கொண்ட ஒரே விதமான அடையாள எண் விதிக்கப்பட்டது. அங்கே அதன் பத்தாவது குறி மாடல் ஆண்டைக் காட்டும்.

மாணவ நண்பர்களே, இம்முறை வண்டிக்கு மட்டும் உரியதன்று. உங்கள் வீட்டிலுள்ள பழைய கடிகாரத்தையோ தையல் இயந்திரத்தையோ ஒரு விடுமுறை நாளில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். எளிதில் மாறும் உறுப்புகளை ஒரு தாளிலும், மாற்ற அரியவற்றை மற்றொரு தாளிலும் எழுதுங்கள். ‘இதற்கு முன் இல்லை’, ‘இதற்குப் பின் இல்லை’ என்னும் இரு வேலிகளையும் வரையுங்கள். வேலிகள் ஓராண்டில் சந்தித்தால் அந்த ஆண்டைக் கூறுங்கள். சந்திக்காவிட்டால், ‘இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டுக்குள்’ என்று கூறி நிறுத்துங்கள். வீட்டுப் பெரியவர் சொல்லும் ஆண்டு உங்கள் முடிவோடு முரண்பட்டால், அவர் பிழைபட்டார் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அவர் எந்த வினாவுக்கு விடை சொல்கிறார் என்று முதலில் கேட்டறியுங்கள்.